ஓ.டி. உண்டு

"ஏட்டி உலகு, ஓ.டி. உண்டாமா?"

கண்ணைத் திறக்காமலே கேட்டான் நெல்லையப்பன். அவன் வேலை பார்த்த ஒரகடம் கார் தொழிற்சாலையில் ஓ.டி. என்றால் ஷிப்டு முடிந்த பிறகும் நின்று பார்க்கிற வேலை. இந்த ஆஸ்பத்திரியில் ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர். வந்த அன்றைக்கே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன் அவன்.

வயிற்றில் புற்று. முதலில் மூன்று ரவுண்டு மருந்து. கட்டி சுருங்கினால் கத்தி. பிறகு மறுபடி மூன்று ரவுண்டு. முதல் மூன்றும் முடிந்து, ஸ்கேனும் எடுத்தாயிற்று. அவன் மனைவி உலகம்மாள் டாக்டர் அறையிலிருந்து இப்போதுதான் வந்திருந்தாள்.

அவன் நெற்றியில் கை வைத்தாள். "உண்டு."

"எத்தன மணி நேரம்?"

"நாலு மணி நேரம்."

"அடேயப்பா! ஃபுல் ஓ.டி.!" வாந்திக்குப் போட்ட ஊசி அவனை மெல்லத் தூக்கத்துக்குள் இழுத்தது. "பாதி வயித்த எடுத்துருவாவளாம். பொறவு ஒரு நாளைக்கு ஆறு வேள சாப்பாடு, கொஞ்சம் கொஞ்சமா. நீதான் ஊட்டணும், பாத்துக்க."

"ஆமா, எனக்கு வேற சோலி இல்ல."

"கொணமானதும் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு நடந்தே போவோம். விடியக்காலம்... ரோட்டுல ஒரு லாரி இருக்காது. பனிக்குள்ள புதுக் காரெல்லாம் வெள்ளையா நிக்கும்... வடக்குப்பட்டு ஏரியில கொக்கு நிக்கிற மாதிரி. நாம கிட்ட போனா... எல்லாம் பறந்துரும்..."

சொல்லிக்கொண்டே உறங்கிப்போனான். உதட்டில் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, அவன் தம்பியை அருகில் உட்கார வைத்துவிட்டு ஷிப்டு பஸ் ஏறினாள். அவள் வேலை பார்க்கும் செல்போன் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் கோதண்டம் நோட்டும் கையுமாக நின்றார்.

"சார், இன்னைக்கு ஓ.டி.க்கு எம்பேரையும் எழுதிக்கிடுங்க. நாலு மணி நேரம்."

"இன்னாம்மா இது! ஓ.டி.ன்னாலே ஓடிப் பூடுற ஆளு நீ. வூட்டுக்காரருக்கு ஆபரேசன், லீவு வேணும்னு கேட்டுகினு இருந்தியே?"

"ஆபரேசன் இல்லன்னுட்டாரு டாக்டர். வயிறு பூரா பரவிட்டுதாம், கத்தி வைக்க முடியாதாம்." உலகம்மாள் அவர் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டாள். "நான் அவர்ட்ட ஓ.டி. உண்டுன்னு சொல்லிட்டு வந்துட்டேன் சார். கெட்டிக்கிட்ட நாளா ஒரு பொய் சொன்னதில்ல. இதுவும் பொய்யாயிரக் கூடாதுல்லா?"