சரியான பதில்

அப்பாவின் கைக்கட்டில் ரத்தம் மறுபடியும் ஊறுகிறது. பள்ளிச் சீருடையோடு ஓடிவந்த மகள் அவர் பக்கத்தில் உட்கார்கிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் குழல்விளக்கு கண்சிமிட்டி ரீங்கரிக்கிறது. "ஆன்லைன் பாதுகாப்புப் பயிற்சியில நூத்துக்கு நூறு வாங்கின ஆளு, ஓடுற மெஷின்ல கைய விடலாமாய்யா?" என்று சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொள்கிறார். அந்த நூறு அவள் வாங்கியது. போனோடு மல்லுக்கட்டிய அப்பாவை, "நீ போய்ப் படுப்பா" என்று அனுப்பிவிட்டு, சரியான பதில்களை அவளேதான் தட்டினாள். சொன்னால் அவர் வேலைக்கே உலை. சொல்லாவிட்டால் பழியெல்லாம் அவர் தலையில். சூப்பர்வைசர் நகர்ந்ததும் அப்பா அவள் பக்கம் சாய்கிறார். குரலில் கோபமே இல்லை. "ஏன் கண்ணு, மெஷின் சிக்கிக்கிட்டா மொதல்ல என்ன பண்ணணும்னு அதுல சொன்னாங்களா?"