திரைக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள்

“திரைக்குப் பின்னால நான்தான் நிப்பேன். சுவிட்சை வேற எவனும் தொடக் கூடாது!”

உல்பியானோ இப்படி அடம்பிடித்ததுமே லிபார்தோவுக்குச் சுருக்கென்றது. காலையிலேயே முதல் ஆளாக வந்து, தனியாக உட்கார்ந்து வயரெல்லாம் இணைத்தவனும் அவன்தான்.

கொலம்பியாவில் அந்த ஊருக்குப் பெயர் காலி. பெயர்தான் அப்படி, இசைத்தட்டு இல்லாமல் காலியாகக் கிடக்கும் வீடு ஒன்றுகூட அங்கே கிடையாது. ஞாயிறு மதியமானால் கூட்டாளிகள் லிபார்தோ வீட்டுக் கூடத்தில் கூடிவிடுவார்கள்.

இன்றைக்குப் போட்டி: திரைக்குப் பின்னால் எது பாடுகிறது என்று தெரியாமல் கேட்டு, பிடித்ததற்குக் கை தூக்க வேண்டும். ஸ்பீக்கர் ஒரே ஜோடி, லிபார்தோவுடையது. ஆம்ப்ளிபயர் மட்டும் இரண்டு.

ஒன்று உல்பியானோவின் வெளிநாட்டுச் சரக்கு. அதைப் போட்டால் தெருவிளக்கெல்லாம் ஒரு தடவை தலைகுனிந்து வணக்கம் சொல்லும் என்பான்.

இன்னொன்று எவெரார்தோ தானே செய்த வால்வு ஆம்ப்ளிபயர். பக்கவாதம் வந்து வலது கை நடுங்கத் தொடங்கிய பிறகு, அந்தக் கையாலேயே செய்த முதல் பெட்டி.

“இன்னிக்கு இது பாடலைன்னா சால்டரிங் அயர்னை ஆத்துல வீசிடுவேன். இந்தக் கை இனிமே ஸ்பூன் பிடிக்கத்தான் லாயக்குன்னு முடிவு பண்ணிக்கறேன்” என்றான் எவெரார்தோ. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

“பாடாட்டி என்ன அண்ணே? மேல எம்பனாடா பொரிச்சுக்கலாம். போன வாரம் உங்க வீட்டுல இது ஓடும்போது தெரியாம தொட்டு, என் விரலே கொப்பளிச்சுப்போச்சு” என்றாள் லிபார்தோவின் மனைவி மிர்த்தா. திரையாகத் தொங்கியது அவளுடைய படுக்கை விரிப்பு.

“ஒண்ணு!” என்று உள்ளிருந்து குரல். பழைய பொலேரோ பாட்டு ஒன்று ஓடியது.

டக்கென்று சுவிட்ச் சத்தம். “ரெண்டு!” அதே பாட்டு.

“ஒண்ணு தகர டப்பா” என்றார் ஒருவர்.

“ரெண்டுல பாடகி மூச்சு விடறதே கேட்குது!” என்றார் இன்னொருவர்.

எவெரார்தோ கண்ணைத் துடைத்தான். “ரெண்டுதான் என்னோடது. பெத்த பிள்ளை குரல் எனக்குத் தெரியாதா?”

எல்லாக் கையும் இரண்டுக்கே உயர்ந்தது.

உள்ளே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உல்பியானோ திரையை விலக்கினான். முகம் கடுகடு. “ரெண்டு எவெரார்தோவோடது. போதுமா?”

ஓடிவந்து பெட்டியைத் தடவப்போன எவெரார்தோவின் கையைத் தட்டிவிட்டான். “தொடாதே, சுடும்! ஒரு வாரம் இது என்கிட்ட இருக்கட்டும். எப்படித் தோத்தேன்னு பார்க்கணும்.”

‘திருட்டுப் பயல். பிரிச்சுப் பார்த்துக் காப்பியடிக்கப் போறான்’ என்று லிபார்தோ பல்லைக் கடித்தான். எவெரார்தோவோ பெருமையில் பூரித்துப்போய், “வாரம் என்னடா, மாசமே வெச்சுக்கோ!” என்றான்.

காரில் ஏற்ற உதவுகிற சாக்கில் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று லிபார்தோ ஒரு பக்கம் கை கொடுத்தான்.

கை அப்படியே நின்றது.

இவ்வளவு நேரம் பாடிய வால்வுப் பெட்டி, ஆற்று மீன் போலச் சில்லென்று இருந்தது.

“வால்வு போயிடுச்சுடா” என்றான் உல்பியானோ, உதடு அசையாமல். “காலையில ஆன் பண்ணினதுமே. மாத்திட்டுக் குடுத்துடறேன்.”

“அப்ப, ரெண்டு தடவையும் பாடினது...”

“என்னோடதுதான். தகர டப்பாவாம்! செவிட்டுப் பசங்க.”

“என்னடா அங்கேயே நின்னுட்டீங்க?” வாசலில் இருந்து எவெரார்தோ கத்தினான்.

லிபார்தோ வெடுக்கென்று கையை எடுத்து, விரல்களை வாயருகே வைத்து ஊதினான்.

“யப்பா! என்னா சூடுடா உன் பெட்டி!”