பிரிண்டருக்குப் பின்னால் ஒரு பெட்டி

“கருவி கண்ணுல பட்டும் சொல்லாம இருந்த ஆள் யாருன்னு பேரோட எனக்கு வேணும். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிடறேன்” என்றார் ஹர்யோ.

இந்தோனேசியாவின் செமராங் நகரத்து மருத்துவமனை ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர் அவர். வேவு பார்க்கும் கருவி ஒன்றை ரகசியமாகச் செருகிவைத்து, யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று சோதித்துச் சொல்ல லாராஸை அமர்த்தியிருந்தார். தனியாக அவள் எடுத்த முதல் வேலை.

“எழுதித் தர்றேன், பாக்” என்றாள் லாராஸ். ‘ஐயா’ என்பதற்கு அந்த ஊர்ச் சொல் அது.

“நேரா இயக்குநருக்கே அனுப்பிடுங்க. எங்க பிரிவு எப்படின்னு அவரும் பார்க்கட்டும்.”

பையிலிருந்த மூன்று வேவுக் கருவிகளில் எதை வைப்பது? பென்டிரைவ் மாதிரி இருந்தது சட்டென்று கண்ணில் படும். சார்ஜர் மாதிரி இருந்ததை யாராவது சுட்டுக்கொண்டு போய்விடுவார்கள். கடைசியில் தீப்பெட்டி அளவுப் பெட்டியை எடுத்தாள். அதன் விளக்கை அணைத்தாள். நெட்வொர்க்கில் பார்ப்பவர் ஏமாற, பிரிண்டரின் பெயரையே அதற்கும் சூட்டினாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தன் கம்ப்யூட்டருக்குச் சேதி அனுப்பும்படி அமைத்தாள். பதிவுக் கூடத்துப் பிரிண்டருக்குப் பின்னால் செருகிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை போல வெளியே வந்தாள்.

பகலெல்லாம் சமர்த்தாகச் சேதி வந்தது. மாலை ஐந்து மணிக்கு நின்றது. காலை ஏழுக்கு மறுபடி வந்தது.

ஹர்யோவின் ஆட்கள் கெட்டிக்காரர்கள்தான் போலிருக்கிறது என்று நினைத்துப் பெட்டியின் பெயரை மாற்றினாள். சேதி வரும் வழியை மாற்றினாள். மறுநாளும் சரியாக ஐந்துக்கு மூச்சு நின்றது.

மூன்றாம் நாள் ஐந்து மணிக்கு, நோயாளி மாதிரி கூடத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

துடைப்பத்தோடு ஓர் அம்மாள் வந்தாள். சட்டையில் ‘கார்சி’ என்று பெயர். பெட்டியைப் பிடுங்கினாள், துணியால் துடைத்தாள், பிரிண்டர் மேல் பத்திரமாக வைத்தாள்.

“இபு, அது என்ன?” என்று அந்த ஊர் வழக்கப்படி ‘அம்மா’ என்றழைத்துக் கேட்டாள் லாராஸ்.

“யாருக்குத் தெரியும் கண்ணு! தொட்டா கொதிக்குது. மாடியில ஆக்ஸிஜன் வெச்சுப் படுத்திருக்காங்க. ராத்திரி தீப்பிடிச்சா அவங்க எங்க ஓடுவாங்க? அதான் போகும்போது பிடுங்கிடறேன்.”

“அப்புறம் காலையில ஏன் திரும்பச் செருகறீங்க?”

“வெச்ச பிள்ளைக்கு வேலை கெடக் கூடாதுல்ல?”

“மேல சொல்லியிருக்கலாமே?”

“ஹர்யோ ஐயாகிட்டயா? நல்லாச் சொன்ன போ!” கார்சி குரலைத் தாழ்த்தினாள். “மறந்து வெச்சிட்டுப் போன பிள்ளைக்கு வேலையே போயிடும். எந்த வீட்டுப் பிள்ளையோ. நீயும் யார்கிட்டயும் மூச்சு விடாதே, என்ன?”

லாராஸ் சரியென்று தலையாட்டினாள். அந்தப் பிள்ளையே அவள்தானே!

மறுநாள் ஹர்யோ ஆவலாகக் கேட்டார். “பேர் கிடைச்சுதா?”

“கிடைச்சுது, பாக். இயக்குநருக்கு அனுப்பிட்டேன். இது உங்களுக்கு.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.

‘மூன்று பகலும் பெட்டி தன் இஷ்டத்துக்கு உலவியது. இதுபோன்ற கருவிகளைப் பிடிக்கவென்றே வாங்கிய புதிய பாதுகாப்பு இயந்திரமோ, கம்ப்யூட்டர் பிரிவின் ஒன்பது பேரோ அதை ஒரு நிமிடம்கூட நிறுத்தவில்லை.’

ஹர்யோவின் முகத்தில் சிரிப்பு வற்றியது. அவசரமாகக் கடைசி வரிக்குப் போனார்.

‘மூன்று இரவும், தினம் பதினான்கு மணி நேரம், அதை நிறுத்திவைத்து மருத்துவமனையைக் காத்த ஒரே ஆள்: கார்சி, தூய்மைப் பணியாளர்.’