மணி பார்த்தவன்

“அடைச்சுத்தான் வச்சிருக்காருங்க ஐயா. ஆனா கடைசி வரியில.”

கம்ப்யூட்டர் பார்க்க வந்த பெண் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னாள்.

பின்னால் பெஞ்சில் பொட்டலம் கட்டும் பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கிடங்கில் வேறு இடமில்லாததால் கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டர் பெட்டி சாப்பாட்டு அறையிலேயே கிடந்தது. முதலாளி அவர்களைப் பார்த்து, கேட்டீர்களா என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

அவருக்கு யாரையும் நம்பி வழக்கமில்லை.

பெட்டியிலிருந்து ஏதோ ஓயாமல் வெளியே போகிறது என்று இன்டர்நெட்காரன் ஒருநாள் சொல்லிவிட்டுப் போனான். வெளியே போவதைத் தடுக்கும் ஃபயர்வால் போட்டு எல்லாவற்றையும் அடைக்கச் சொன்னார். அந்த லினக்ஸ் பெட்டியைக் கட்டிக் காத்தவன் அக்கா மகன்தான். அடைத்துவிட்டேன் மாமா என்றான். போவது நிற்கவில்லை.

விலை விவரத்தை எதிர்க்கடைக்கு விற்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார். இதே அறையில், இத்தனை பேர் முன்னால், யாருக்குடா அனுப்புகிறாய் என்று சட்டையைப் பிடித்தார்.

அவன் வாயைத் திறந்தான். சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

“என்னடா மணி பாக்கற? உனக்கு நேரம் சரியில்லன்னு நான் சொல்றேன், போ.”

பெண்கள் சிரித்தார்கள். அவன் போனான். அதன்பிறகு அவன் அழைத்தபோதெல்லாம் இவர் போனை எடுக்கவில்லை.

“ஃபயர்வால் மேலேருந்துதாங்க வரி வரியா படிக்கும்” என்றாள் வந்தவள். “முதல் வரியிலயே ஒரு விலாசத்துக்கு வழி விட்டிருக்கு. அதுக்கு அப்புறம் கீழ அடைச்சு என்ன புண்ணியம்?”

“எதிர்க்கடைக்காரன் விலாசம்தானே?”

“இல்லங்க ஐயா. உங்க வீடு.”

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. போதும்மா என்று சொல்ல வாயெடுப்பதற்குள், போய்க்கொண்டிருந்தது என்னவென்று அவள் திறந்துவிட்டாள்.

திரையில் இதே அறை. சுவர்க் கடிகாரத்தின் உயரத்திலிருந்து. பெஞ்சு, சாப்பாட்டு டப்பாக்கள், குனிந்து சாப்பிடும் தலைகள், அவருடைய வழுக்கை.

தன்னைப் பற்றி இவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேமரா வைக்கச் சொல்லி, வீட்டில் உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்டவர் அவர். எது நின்றாலும் இது நிற்கக்கூடாது, எவளுக்கும் தெரியவும் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியவரும் அவர்தான்.

மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. திரையில் ஒவ்வொரு முகமாக நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தது.

அவர் தலை மட்டும் குனிந்தே இருந்தது.

“அப்ப அன்னைக்கு அந்தத் தம்பி மணி பாக்கல” என்றாள் ஒருத்தி, டப்பாவை மூடிக்கொண்டே.