ரிப்பனை மறுபடி பிடித்தார்கள்

தேவிப்ரியா ரிப்பனை அறுத்துக்கொண்டு வந்த அந்தக் கணத்தில், பேப்பர் போட்டோகிராபர் செங்கோடனின் கேமரா சிறப்பு விருந்தினரின் தோளில் விழுந்த பொன்னாடையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

நாமக்கல் மைதானத்துக்கு இது புதிதில்லை. விருந்தினர் வருகிற நேரமும் பந்தயம் முடிகிற நேரமும் எப்படியோ ஒன்றாகத்தான் வந்து சேரும். பாவம், போட்டோகிராபருக்கு இருப்பது ஒரே கேமரா.

அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஜெயித்தவளைக் கூப்பிட்டு, ரிப்பனை மறுபடி பிடிக்கச் சொல்லி, கடைசிக் கொஞ்ச தூரத்தை மட்டும் இன்னொரு தடவை ஓடவிட்டால் ஆயிற்று. காலையில் டீக்கடையில் பேப்பரைப் பிரிக்கிறவருக்கு எது நிஜ ஓட்டம், எது படத்துக்கான ஓட்டம் என்று தெரியவா போகிறது?

ரஞ்சிதாவுக்குத் தெரியும். அவள் அதே பேப்பரின் விளையாட்டு நிருபர். அதற்கு முன்னால் இதே மைதானத்தில் ஓடியவள்.

இன்னொரு தடவை வேண்டாம் என்றாள் செங்கோடனிடம். வெயில் நேராக அடிக்கிறது, படம் சரியாக வராது என்றாள். பதக்கம் வாங்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்றாள்.

அவர் கேட்கிற ஆளில்லை. பதக்கம் வாங்குகிற படத்தில் கொடுக்கிறவர் முகம்தான் தெரியும் என்றார். அது உண்மைதான்.

சேலம் ஆபீசிலிருந்து வேறு போன் வந்துவிட்டது. விளையாட்டுப் பக்கத்தில் படத்துக்குப் பெரிதாக இடம் விட்டிருக்கிறார்களாம். படம் வராவிட்டால் திட்டு அவளுக்குத்தான் விழும். திட்டு வாங்கிப் பழகியவள்தான், அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை.

தேவிப்ரியா பந்தலுக்குள் உட்கார்ந்து, கோழிப்பண்ணைக்காரர்கள் உபயமாகக் கொடுத்த அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். மல்லசமுத்திரத்துப் பெண். போட்டு ஓடிய ஸ்பைக்ஸ் ஷூ தோழியுடையது. அடுத்த ஓட்டத்துக்கு வேண்டுமென்று அவள் கழற்றி வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரம் மாநிலப் போட்டி. அதில் ஓடினால் விளையாட்டுக் கோட்டாவில் கல்லூரியில் இடம் உண்டு. ஓடாவிட்டால் மாப்பிள்ளை தயாராக இருக்கிறான் என்று பேட்டியில் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். அந்தப் பெண்ணின் வாழ்க்கை மொத்தமும் இப்போது அந்த இரண்டு கால்களில்தான் நின்றது.

பேப்பரில் படம் வரும் என்றதும் பாதி முட்டையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தாள். வெறுங்கால்.

செங்கோடனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ரஞ்சிதாவைக் கைகாட்டினார்.

"இந்த அக்கா படம் எங்க ஆபீஸ் செவுத்துல இன்னைக்கும் தொங்குது அம்மிணி. அதே மாதிரி கேமராவப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே வரோணும்."

அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. ரிப்பன் நெஞ்சில் பட்டு வளைந்திருக்கும். பதினெட்டு வயது ரஞ்சிதா கேமராவைப் பார்த்தபடி வாயை முழுக்கத் திறந்திருப்பாள். கண்ணில் நீர் மின்னும். சந்தோஷத்துக்கு இப்படியொரு முகமா என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். செங்கோடனுக்கு விருது வாங்கித் தந்த படம் அது.

அதற்குப் பிறகு அவள் ஓடவில்லை. அன்றைக்கே முழங்கால் போய்விட்டது, வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. ஜெயித்த ஓட்டமே காலையும் வாங்கிக்கொண்டது என்று ஊரில் பேசினார்கள்.

அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் செங்கோடன் ஆசிரியரிடம் சண்டை போட்டு அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். கூடப் பிறந்தவன்கூட அவ்வளவு செய்யவில்லை. அவர் வீட்டிலும் அந்தப் படம் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. போகும்போதெல்லாம் அவர் மனைவி அவளை அதன் கீழே உட்காரவைத்துத்தான் சோறு போடுவாள்.

ஆபீசில் அந்தச் சுவரைக் கடக்கும்போது ரஞ்சிதா தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டு பி.டி. வாத்தியார்கள் அலுப்போடு வந்து ரிப்பனை மறுபடி பிடித்தார்கள்.

தேவிப்ரியா பின்னால் நடந்துபோய்த் திரும்பி நின்றாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். ஒருதரம் சிரித்துப் பார்த்துக்கொண்டாள். ஓடுபாதையின் ஓரத்தில் பதித்த செங்கல்கள் அங்கங்கே பெயர்ந்து தலைநீட்டிக்கொண்டிருந்தன. அவள் கண் கீழே போகவே இல்லை. சொன்னபடி கேமராவை மட்டும் பார்த்தது.

செங்கோடன் முட்டி போட்டு உட்கார்ந்தார். கையைத் தூக்கினார்.

ரஞ்சிதா மடங்காத காலை இழுத்துக்கொண்டு குறுக்கே போனாள். வாத்தியாரின் கையிலிருந்து ரிப்பனைப் பிடுங்கினாள். அது புழுதியில் விழுந்தது.

ஓட எடுத்த காலைத் தேவிப்ரியா அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

செங்கோடனுக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் கோபப்பட்டதே இல்லை. அச்சு அசலாக அதே மாதிரி ஒரு படம் கிடைத்திருக்கும், கெடுத்துவிட்டாளே என்று கத்தினார்.

ரஞ்சிதா குனிந்து ரிப்பனை எடுத்தாள். அதைக் கையில் சுற்றிக்கொண்டே, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். இத்தனை வருஷம் சொல்லாமல் காப்பாற்றி வைத்திருந்ததைச் சொல்லும்போது அவளுக்கே அழுகை வந்தது.

"அன்னைக்கும் நீங்க ரெண்டாந்தடவ ஓடச் சொன்னப்பத்தானுங்கண்ணா முட்டி போச்சு. அந்தப் படத்துல நான் சிரிக்கலீங்க."

செங்கோடன் முட்டி போட்ட இடத்திலேயே இருந்தார். கேமரா மடியில் கிடந்தது.

தூரத்தில் தேவிப்ரியா இன்னும் அந்தக் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.