கற்றுக்கொடுத்த கை

சகாயராணி டிபன் பாக்ஸைத் திறந்ததும் மற்ற மூன்று பேரும் தங்கள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்தார்கள். ஆறு வருடமாக ஒருத்தி குழம்பை ஒருத்தி ஊற்றிச் சாப்பிட்ட மேஜை அது. இன்று அவள் மட்டும் அங்கே குனிந்த தலையோடு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"போயி அந்த ரோபோகூட ஒக்காந்து துன்னட்டும்" என்றாள் செல்வகுமாரி, அவள் காதில் விழும்படியே.

செல்வகுமாரியின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருந்தது. வில்லியனூரில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் நான்கு பெண்களுக்கும் ஒரே வேலைதான். மருத்துவமனைகள் அனுப்பும் பட்டியலைப் பார்த்து, ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாக ஒரு ஃபைல் திறந்து, பெயர், வயது, நோய், மருந்து எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அடித்துச் சேமிக்க வேண்டும். அதையே இனி ஒரு சாஃப்ட்வேர் ஆளே இல்லாமல் செய்யுமாம். அடுத்த மாதம் முதல் இரண்டு பேர் போதும் என்று மேனேஜர் புகழேந்தி சொல்லிவிட்டார்.

வேலை போனால் சொந்த ஊரான செலியமேட்டில் செல்வகுமாரிக்கு வேறென்ன இருக்கிறது? நடவுக்குப் போகலாம் என்றால் அங்கேயும் மெஷின் வந்து இறங்கிவிட்டது. வீட்டில் மாதச் சம்பளம் என்று வாங்குவது அவள் ஒருத்திதான்.

அந்தச் சாஃப்ட்வேருக்குச் சுயமாக ஒன்றும் தெரியாதாம். ஒருவர் வேலை செய்வதை, மவுஸ் நகர்வதிலிருந்து எழுத்து அடிப்பதுவரை ஒன்றுவிடாமல் பதிவு செய்துகொண்டு, பிறகு அதையே திருப்பிச் செய்யுமாம். கம்ப்யூட்டர் பார்க்க வரும் குமரவேல் வாய்தவறி உளறியது இது. அப்படியானால் யாரோ ஒருத்தி அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

யார் என்று மூளையைக் கசக்க வேண்டியதே இல்லை. நான்கு நாளாக மேனேஜர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் சகாயராணிதான். கேட்டதற்கு, அது போட்ட ஃபைலில் தப்பு இருக்கிறதா என்று படித்துப் பார்க்கத்தான் சொன்னார்கள் என்றாள். கேழ்வரகில் நெய் வடிகிற கதையாக இருக்கிறதே என்று மூவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சாப்பிட்டுவிட்டுச் சீட்டுக்கு வந்தும் செல்வகுமாரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஃபேனைக் கூட்டினாள், குறைத்தாள், தாகம் இல்லாமலே தண்ணீர் குடித்தாள். புது ஃபைலைத் திறந்து, வழக்கம்போல் முதலில் ஒரு 2 அடித்து அழித்துவிட்டு, நோயாளியின் பெயரைத் தொடங்கினாள். ஆங்கில கீபோர்டில் பிள்ளையார் சுழிக்குக் கிட்டத்தில் வருவது அதுதான்.

கம்ப்யூட்டர் வேறு அவள் பொறுமையைச் சோதித்தது. போன மாதம் குமரவேல் வந்து வைரஸ் வராமலிருக்க ஏதோ போட்டுவிட்டுப் போனதிலிருந்து ஆமையாக ஊர்ந்துகொண்டிருக்கிறது.

மூன்று மணிக்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். ஆளைக் குறைப்பதானால், அந்த இயந்திரத்துக்கு வேலையைக் கற்றுக்கொடுத்தவரைத்தான் முதலில் நீக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மற்ற இருவரான தேவியும் தனக்கொடியும் கீழே கையெழுத்துப் போட்டார்கள்.

"அவ பேரு போடலியேக்கா?" என்றாள் தேவி.

"எதுக்குடி? அவருக்குத் தெரியாதா இன்னா?"

புகழேந்தி அதை இரண்டு முறை படித்தார். பிறகு நிமிர்ந்து செல்வகுமாரியை வெகுநேரம் பார்த்தார்.

"யோசிச்சுத்தான் எழுதனியாம்மா?"

"நல்லா யோசிச்சுதான் சார் எழுதனேன்."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்தச் சாஃப்ட்வேர் எப்படி வேலை செய்கிறது என்று எல்லோரும் ஒருமுறை வந்து பார்த்துவிடுங்கள் என்று கூப்பிட்டார். சகாயராணியும் வந்தாள். ஒருவரும் இடம் விடாததால் கதவோரமாகவே நின்றுகொண்டாள்.

குமரவேல் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். அம்புக்குறி தானாக நகர்ந்தது. ஃபைல்கள் திறந்தன, நிரம்பின, மூடின. தொட ஆளில்லாமல் கீபோர்டு சும்மா கிடந்தது. தனக்கொடி வாயைப் பொத்திக்கொண்டாள். செல்வகுமாரிக்கு அழுகை முட்டியது. நாள் முழுக்க முதுகு ஒடிய அவள் செய்வதை அது கால்மணியில் முடித்துவிடும் போலிருந்தது.

ஒவ்வொரு ஃபைலும் திறந்தவுடன் மேலே ஏதோ ஒன்று மின்னி மறைந்தது. அது மட்டும்தான் தனக்குப் புரியவில்லை, பதிவிலேயே அப்படித்தான் இருக்கிறது, வீண் வேலை, எடுத்துவிடலாம் என்றான் குமரவேல்.

"இன்னாதான் அது? மெதுவா ஓட வுடு, பாக்கலாம்" என்றார் புகழேந்தி.

குமரவேல் வேகத்தைக் குறைத்தான். புது ஃபைல் நிதானமாகத் திறந்தது. வெள்ளைப் பக்கத்தின் தலையில் ஒரு 2 வந்து நின்றது. பிறகு அழிந்தது. அதன்பிறகே நோயாளியின் பெயர் தொடங்கியது.

தேவி மெல்லத் திரும்பிச் செல்வகுமாரியைப் பார்த்தாள். செல்வகுமாரியோ மேனேஜரின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவளுடைய தாள் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

கதவோரத்திலிருந்து சகாயராணியின் குரல் வந்தது. அதில் கோபமே இல்லை.

"நானா இருந்தா சிலுவ போட்டிருப்பேன், செல்விக்கா."