மேசைக்கு அடியில்

அதிகாரியின் வலது கை இன்னும் மேசைக்கு அடியிலேயே இருந்தது. மேசைமேல் அவளுடைய பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே சரம் சரமாக மரமணிகள், எலுமிச்சை அளவிலிருந்து பட்டாணி அளவு வரை. பெட்டியின் கயிற்றைக்கூட பியூன்தான் வந்து அவிழ்த்தார். அதிகாரி கையை வெளியே எடுக்கவில்லை.

சுங்க அலுவலக வாசலில் நின்ற ஏஜென்ட் சொல்லி அனுப்பியது அவள் காதிலேயே நின்றது. “அந்த ஆளு கைய மேல எடுக்கவே மாட்டாருக்கா. கொஞ்ச நாளாவே ஒரு ஃபைலும் நகரல. எதுக்குன்னு நான் வேற வாய்விட்டுச் சொல்லணுமா?”

சொல்ல வேண்டியதில்லைதான். கணவருக்கு மாத்திரை வாங்க வைத்திருந்த பணம் ஒரு கவரில் அவள் கைப்பைக்குள் இருந்தது. அதை நீட்டாமலே காரியம் முடிந்துவிடாதா என்ற நப்பாசையில் இன்னும் வாயால் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

“நகைதானேம்மா இது?” என்றார் அதிகாரி, ஒரு சரத்தை இடது கையால் தூக்கிப் பார்த்தபடி. “நூல்ல கோத்து வந்திருக்கு. கழுத்துல போட்டா மாலை. இத்தனை சரம் வீட்டுக்கா வாங்குவாங்க? வியாபாரம்னா உரிமம் வேணும். இல்லேன்னா பெட்டி வந்த வழியே திரும்பிப் போயிடும்.”

“நகை இல்ல சார். அளவு கலையாம இருக்கறதுக்காக சும்மா கோத்து அனுப்பியிருக்காங்க. கொக்கிகூட இல்ல பாருங்க. எலுமிச்சம்பழம் கணக்கா இருக்கறத யார் சார் கழுத்துல மாட்டிக்குவா?”

“அப்போ பொம்மையா? பிள்ளைங்க விளையாடற மணின்னா அதுக்கு வேற வரி. வெறும் மரச் சாமான்னா அதுக்கு வேற. எதுக்குப் பயன்படுதுன்னு தெரியாம நான் எந்தத் தலைப்புல போடறது?”

எத்தனை தடவைதான் சொல்வது என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபப்படும் நிலையிலா இருந்தாள்? எல்லாவற்றையும் மென்று விழுங்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

“என் வீட்டுக்காரர் தையல்காரர் சார். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துடுச்சு. இந்த மணியக் கோக்கறதுதான் கைக்குப் பயிற்சி. பெருசுல ஆரம்பிச்சு சின்னதுக்கு வரணும்.”

“ஏன், கடையில மணியே கிடைக்கலையா?”

“கடை மணியெல்லாம் ஊசி ஓட்டை சார். அவர் விரலுக்கு அது தட்டுப்படவே இல்ல. ஆஸ்பத்திரியில இதே மாதிரி ஒரு பெட்டி குடுத்தாங்க, அதுல கோத்தார். அடுத்த நோயாளிக்கு வேணும்னு திருப்பி வாங்கிட்டாங்க. அதான் வெளிநாட்டுலேர்ந்து இத வரவழைச்சேன்.”

அதிகாரி சட்டென்று முன்னால் குனிந்தார். “தானாவே பிடிச்சாரா?”

“முதல்ல அவர் கைமேல என் கைய வச்சு நான் சேர்த்துப் பிடிச்சேன் சார். அப்புறம் ஒரு நாள் தானாவே ஒரு மணியப் பிடிச்சுத் தூக்கினார். ரெண்டு பேரும் உக்காந்து அழுதோம்.”

“பேனா? பேனா பிடிச்சாரா?”

இது என்ன கூத்து? தையல்காரருக்கு எதற்குப் பேனா? ஆள் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார், கவர் கைக்கு வரும்வரை இப்படியே ஏதாவது கேட்டுக்கொண்டிருப்பார் என்று முடிவுகட்டினாள்.

“அதெல்லாம் வரும்னுதான் டாக்டர் சொன்னார் சார். ஆனா இப்பவே விடாமப் பண்ணணுமாம், விட்டா விரல் அப்படியே மடங்கிடுமாம். பெட்டி இங்க மாட்டிக்கிட்டதுலேர்ந்து சுவத்தப் பாத்துப் படுத்தவர் திரும்பவே இல்ல. நேத்து, கத்திரிக்கோல யாருக்காவது குடுத்துடு, இனிமே நான் எதுக்குன்னார். எனக்கு பயமா இருக்கு சார்.”

அதிகாரி ஓரமாக நின்றிருந்த பியூனைப் பார்த்து, “நீ போய் டீ குடிச்சிட்டு வா. போறப்ப கதவச் சாத்திட்டுப் போ” என்றார்.

அவ்வளவுதான். இதைவிட வெளிப்படையாக ஒருத்தர் எப்படிக் கேட்பார்? மாத்திரை போனால் போகிறது, மணியாவது வீடு வந்து சேரட்டும் என்று கவரை எடுத்தாள். பிறந்ததிலிருந்து யாருக்கும் இப்படி எதையும் நீட்டியதில்லை, உடம்பெல்லாம் கூசியது. மேசை ஓரமாக வந்து, கண்ணை மூடிக்கொண்டு, அடியில் இருந்த அந்தக் கைக்குள் கவரைத் திணித்தாள்.

கவர் தரையில் விழுந்தது.

“பத்தலையா சார்?” அவள் கைகூப்பினாள். “இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணுமே இல்ல சார். காதுல இருந்த தோடுகூட போன மாசமே போயிடுச்சு. கால்ல வேணும்னாலும் விழறேன்.”

“முதல்ல அந்தக் கவர எடுத்து உள்ள வைங்கம்மா.” அவர் சாத்தியிருந்த கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “உங்க பெட்டி மரச் சாமான்தான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.”

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் இடது கையால் தன் வலது கையைத் தூக்கி, மணிகளுக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார். விரல்களுக்கு நடுவே பேனாவைச் செருகினார். அது நிற்காமல் உருண்டு ஃபைல்மேல் விழுந்தது.

“வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும்மா” என்றார் மெதுவாக. “கொஞ்சம் சேர்த்துப் பிடிங்க, கையெழுத்து போடணும்.”